களரியில் கற்ற பிள்ளைகள்

கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கட்டடங்களின் வரலாற்றையே எழுதி வந்துள்ளனர். மட்டக்களப்பும் இதற்கு விலக்கன்று. 1814இல் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ற் பாதிரியார் வந்து பள்ளி தொடங்கினார். 1873இல் புனித மிக்கேல் கல்லூரி எழுந்தது. 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் தோன்றியது. இவற்றுள் எதுவும் படுவான்கரையில் நின்றதன்று. வாவிக்கு மேற்கே, வயலும் காடும் சூழ்ந்த படுவான்கரையின் பிள்ளைகள் அக்காலத்தில் எங்கே கற்றனர்? கற்றனரா என்பதே பலருக்கு ஐயம். கற்றனர் என்பதே நமது விடை. வீட்டு முற்றத்திலும், அம்முற்றத்தின் நீட்சியாகிய கூத்துக் களரியிலும் அவர்கள் கற்றனர்.

வேளாண்மை வெட்டி முடிந்து கை ஓய்ந்த காலத்தில் ஊரார் கூடிக் கூத்தொன்றைத் தெரிவர். அண்ணாவியார் ஆளுக்கேற்ற பாத்திரத்தை வகுத்துச் ‘சட்டம் கொடுப்பார்’. அதாவது, அவரவர் பாட வேண்டிய பகுதியை ஒப்படைப்பார். எழுத்தறியாதவன் செவி வழியே கேட்டு மனனம் செய்வான். மாதக் கணக்கில் இரவு தோறும் பயிற்சி நடக்கும். பின் சதங்கை அணி விழா. அதன் பின் அடுக்குப் பார்த்தல். இறுதியில் விடியும் வரை அரங்கேற்றம். இத்தனை மாதமும் களரியின் ஓரத்தில் பாயை விரித்துக் கொண்டு விழித்திருந்தவர்கள் சிறுவர்கள். எவரும் அவர்களுக்கென்று பாடம் நடத்தவில்லை. ஆயினும் விருத்தமும் தருவும் அவர்கள் நாவில் ஏறின. வடமோடியில் பாரதக் கதை முழுவதும் அவர்களுக்குப் பழகிற்று. மத்தளத்தின் தாளக்கட்டைக் காலால் எண்ணிப் பழகிய சிறுவன், எண்களை எழுதத் தெரியாமலே கணக்கின் ஒழுங்கை உடலில் வாங்கிக் கொண்டான். மறுநாள் வீட்டு முற்றத்தில் தென்னம் மட்டையே வாளாகத் தம்பியுடன் அவன் ஆடியதை விளையாட்டென்று தாய் நினைத்தாள். ஆசிரியராகிய நாம் அதை மீட்டல் பயிற்சி என்கிறோம்!

வைகாசியில் கண்ணகி கோயில்களில் படிக்கப்படும் வழக்குரையும் இவ்வாறே. பாண்டியன் அவையில் ஒரு பெண் நீதி கேட்ட கதை, சிலப்பதிகார ஏட்டைக் கண்டிராத பெண்களின் மனத்தில் ஆண்டு தோறும் புதுப்பிக்கப்பட்டு, அவர்கள் வாய்மொழியாக வீட்டுப் பிள்ளைகளைச் சேர்ந்தது.

இவ்விடத்தில் நாம் சற்று நிதானிக்க வேண்டும். பழமையைப் போற்றுவோர் இக்காட்சியைப் பொற்காலமாகத் தீட்டி விடுவர். களரியில் பெண் ஏறவில்லை. பெண் வேடத்தையும் ஆணே கட்டினான். போடியாரின் வயலில் வேலை செய்தவனின் மகன், கர்ணனின் வீரத்தோடு தன் சாதிக்கு ஊர் வகுத்திருந்த இடத்தையும் சேர்த்தே கற்றான். மருதமுனையிலும் காத்தான்குடியிலும் நெசவுத் தறி வீட்டுக்குள்ளேயே இருந்தது. இழையெண்ணக் கற்ற பிள்ளைக்கு நிறமும் வடிவமும் கணக்கும் ஒருங்கே கைவந்தன என்பது உண்மை. அப்பிள்ளையின் கை வீட்டின் வருவாய்க்கும் வேண்டியிருந்தது என்பதும் உண்மை. 1937இல் காந்தியடிகள் வார்தாவில் கைத்தொழில் வழிக் கல்வியை முன்வைத்த போது எழுந்த வாதமும் இதுவே: கைவினை குழந்தையை வளர்க்குமா, அல்லது குழந்தையின் உழைப்பு பள்ளியை வளர்க்குமா? ஆகவேதான் 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியை நாம் பெருவெற்றியாகக் கொள்கிறோம். வீட்டுக் கல்வியின் அழகைப் பேசி எவரும் அவ்வுரிமையைக் குறைத்து மதிக்க இடந்தரலாகாது.

ஆனால் அப்பாடசாலை ஒரு காரியம் செய்தது. எழுத்தை உள்ளே அழைத்துக் கூத்தைப் படலைக்கு வெளியே நிறுத்திற்று. கூத்தாடப் போகும் பையன் உருப்படான் என்று சொன்ன ஆசிரியர்கள் ஒருவர் இருவரல்லர். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் இப்பிரிவினையை ஏற்காதவர். இலண்டன் பல்கலைக் கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியான அவர், சுருதிகளைக் கணிதத்தால் அளந்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்தார். கலையும் கணக்கும் வேறு வேறு அறைகளில் வாழ்பவை அல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. எனினும் அவர் ஆராய்ந்தது சிலப்பதிகாரத்தின் யாழை. படுவான்கரையின் மத்தளம் பல்கலைக் கழக வாசலை அடைய மேலும் பதினைந்து ஆண்டுகள் சென்றன.

1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் அங்கு வந்து மாணவருக்கு ஆட்டம் பழக்கினார். ஊர்ப் பள்ளிக்கூடம் புறக்கணித்த அறிவுக்குப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியப் பீடம் கிடைத்தது எனலாம். 1964இல் ‘இராவணேசன்’ வந்தது. அதில் மாணவராக நடித்த சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களைப் பெருநூலாகவே ஆராய்ந்தார். இதனால் கூத்துக்கு மதிப்பு வந்தது. ஆனால் இரவு முழுவதும் ஆடியது சில மணிக்குள் சுருங்கி, வட்டக்களரி படச்சட்ட மேடையாகிய போது, பாயை விரித்து ஓரத்தில் கிடந்த அந்தச் சிறுவனுக்கு இடமில்லாமற் போயிற்று. பார்வையாளனாக நாற்காலியில் அமர்வது வேறு. வளரும் வயதில் மாதக் கணக்காகக் கூட இருப்பது வேறு.

பின்னர் போர் வந்தது. 1990இன் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் சத்துருக்கொண்டானிலும் நிகழ்ந்த படுகொலைகள் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை அருகருகே இருந்த ஊர்களிலேயே அந்நியராக்கின. பாடசாலை மட்டுமன்று, முற்றமும் அவர்களுக்கு இல்லாமற் போயிற்று. 1996இல் வாவிக் கரையில் வண்ணத்துப் பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது இந்நிலையிலேதான். கனடிய ஓவியர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் அதை அமைத்தனர். இரு சமூகங்களின் ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாள் வந்தனர். களிமண் பிசைந்தனர், வண்ணம் தீட்டினர், கதை கட்டினர், செடியும் விலங்கும் வளர்த்தனர். வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் காரியங்களை ஐயத்துடன் நோக்குவது நமது வழக்கம், அவ்வழக்கம் தவறுமன்று. ஆனால், பேச்சே எழாத பிள்ளைக்கு எழுத்துக்கு முன்னர் நிறமும் மண்ணும் வேண்டும் என்பதை அறிந்து நடந்த இடம் அது. ஒரே மண்ணைப் பிசைந்த இரு ஊர்ப் பிள்ளைகளுக்கு இனப் பகையைப் பற்றி எவரும் சொற்பொழிவாற்றத் தேவையிருக்கவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நகரை அடுத்த சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவ்வூர்க் கூத்தரும் தொடங்கிய கூத்து மீளுருவாக்கமே நமக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கூத்தை ஊரிலிருந்து எடுத்துச் செல்லாமல் ஊரிலேயே, அண்ணாவியாருடனும் ஊராருடனும் பேசிப் பேசி, அதன் உள்ளடக்கத்தை மாற்ற முனைந்தனர். பெண்ணையும் சாதியையும் இழித்துரைக்கும் இடங்கள் கேள்விக்கு உள்ளாயின. சிறுவர் கூத்துகளும் பிறந்தன. பழைய களரி ஓரத்துச் சிறுவன் கேட்டதை அப்படியே மனனம் செய்தான். இங்கோ, இந்த வரி ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பதே பயிற்சியின் ஒரு பகுதியாயிற்று.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப் பரிசிற் பரீட்சைக்காக மாலை முழுவதும் தனியார் வகுப்பில் அடைபடும் பிள்ளைகளை நாள்தோறும் காணும் ஆசிரிய நண்பர்கள், தம் ஊரில் களரி கட்டும் காலம் வரும்போது அப்பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்று ஒரு முறை போய்ப் பார்த்து வரட்டும்.