கோதுமை மணியும் புற்றுக் கட்டியும்: ஒரு வளர்ச்சிக் கணக்கின் வரலாறு

சதுரங்கத்தை உருவாக்கித் தந்த அறிஞனிடம், 'என்ன பரிசு வேண்டும்?' என்று இந்திய மன்னன் ஒருவன் வினவினானாம். பலகையின் முதற் கட்டத்திற்கு ஒரு கோதுமை மணி, இரண்டாம் கட்டத்திற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என 64 கட்டங்களுக்கும் இரட்டித்துத் தந்தால் போதும் என்றான் அறிஞன். அற்பப் பரிசு என்று மன்னன் நகைத்தான். ஆனால் அவனது களஞ்சியங்கள் அனைத்தும் சேர்ந்தாலும் அதற்கு ஈடாகவில்லை.

13ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான், 'வஃபயாத்துல் அஃயான்' என்னும் தம் வாழ்க்கை வரலாற்றுக் களஞ்சியத்தில் இக்கதையைக் குறிப்பிடுகிறார். முதலில் அக்கணக்கைத் தாமே நம்பவில்லை என்றும், இஸ்கந்தரிய்யா நகரத்துக் கணக்கர் ஒருவர் தாளில் எழுதிக் காட்டிய பின்னரே ஐயம் தீர்ந்தது என்றும் அவர் ஒளிவின்றி எழுதுகிறார். அவருக்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே பேரறிஞர் அல்பீரூனீ அத்தொகையைத் துல்லியமாகக் கணித்திருந்தார்: 18,446,744,073,709,551,615.

இரட்டிப்பு என்பதை மனித மனம் எளிதில் நம்புவதில்லை. கற்றறிந்த இப்னு கல்லிகானுக்கே நேர்ந்த இந்த மயக்கம், சதுரங்கப் பலகையோடு நின்றிருந்தால் கவலையில்லை. நம் உடலுக்குள் வளரும் புற்றுக் கட்டியிலும் இதே கணக்கு நடைபெறுகிறது. அங்கே தவறாக மதிப்பிட்டால் இழப்பது கோதுமையை அன்று, உயிரை.

புற்றுநோயில் அளவும் காலமுமே தீர்ப்பு வழங்குகின்றன என்பதைப் பண்டைய மருத்துவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். அன்தலூஸின் அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவீ தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில், கட்டி சிறிதாகவும் முழுமையாக அகற்றத்தக்க இடத்திலும் இருந்தால் அறுத்தெடுக்கலாம் என்றும், நாட்பட்டுப் பெரிதாகிவிட்டால் அதனை நெருங்கலாகாது என்றும் எழுதினார். அத்தகைய முதிர்ந்த நோயைத் தாம் குணப்படுத்தியதுமில்லை, குணப்படுத்தியவரைக் கண்டதுமில்லை என்று ஒப்புக்கொண்ட நேர்மை அவருடையது. ஆயினும் சிறியது எப்போது பெரியதாகிறது என்பதை எண்களால் அளக்கும் வழி அன்று இல்லை.

அந்த வழி 20ஆம் நூற்றாண்டில்தான் திறந்தது. 1932இல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் மேனியார்ட், எலிகளில் வளர்ந்த ஒருவகைக் கட்டியை அளந்து, அதன் விட்டம் சீரான வேகத்தில் கூடுவதைக் கண்டார். கட்டியின் நடுப்பகுதி மடிந்துபோக, புறத்தேயுள்ள மெல்லிய அடுக்கு மட்டுமே பெருகுகிறது என்று அதற்கு அவர் விளக்கமளித்தார். 1956இல் அமெரிக்காவில் காலின்ஸும் அவருடைய துணைவர்களும், நோயாளிகளின் நுரையீரல் எக்ஸ்ரே படங்களை வரிசையாக வைத்துக் கட்டிகள் வளரும் விரைவை அளந்தனர். 'இரட்டிப்புக் காலம்' என்னும் கருத்து அதன்பின் மருத்துவத்தில் வேரூன்றியது.

இனி அந்த இஸ்கந்தரிய்யா கணக்கரைப் போல நாமும் எழுதிப் பார்ப்போம். ஓர் உயிரணு 30 முறை இரட்டித்தால் 107 கோடியைத் தாண்டுகிறது. மரபாகச் சொல்லப்படும் மதிப்பீட்டின்படி இது ஏறத்தாழ ஒரு கிராம் எடையும் ஒரு சென்டிமீட்டர் விட்டமும் உள்ள கட்டி. கைக்கோ கருவிக்கோ பெரும்பாலும் அகப்படும் நிலை இதுவே. இன்னும் 10 முறை இரட்டித்தால் எடை ஒரு கிலோகிராம் ஆகிவிடும். உடல் பொதுவாக அதனைத் தாங்காது. ஆக, 40 கட்டங்கள் கொண்ட பயணத்தில் 30 கட்டங்கள் நம் கண்ணுக்குத் தெரியாமலேயே கழிகின்றன. 'திடீரென்று வந்துவிட்டது' என்று நாம் புலம்பும் நோய், உண்மையில் தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கடந்து வந்த பின்னரே நமக்கு முகம் காட்டுகிறது.

ஆனால் கட்டிகள் ஒரே சீராக இரட்டித்துக்கொண்டே செல்வதில்லை. இதற்கான சூத்திரம் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. இலண்டனில் 1779இல் பிறந்த பெஞ்சமின் காம்பெர்ட்ஸ், யூதர் என்பதால் பல்கலைக்கழக வாயில்கள் அடைக்கப்பட்டிருந்தமையின் தாமாகவே கணிதம் பயின்றவர். ஆயுள் காப்பீட்டுக் கணக்குகளுக்காக, வயது கூடக்கூட மரண வாய்ப்பு எவ்வாறு பெருகுகிறது என்னும் விதியை 1825இல் அவர் வெளியிட்டார். 1932இல் வின்சர் அந்த வளைகோட்டை வளர்ச்சிக்கும் பொருத்தலாம் எனக் காட்டினார். 1964இல் அன்னா லேர்ட் என்னும் பெண் ஆய்வாளர், எலி, சுண்டெலி, முயல் ஆகியவற்றின் கட்டிகள் பெரும்பாலும் அவ்வளைகோட்டிலேயே வளர்வதை நிறுவினார். கட்டி பெரிதாகப் பெரிதாக அதன் வளர்ச்சி வேகம் தளர்கிறது. சிறிதாயிருக்கும்போதே அது மிக விரைந்து பெருகுகிறது.

இக்கணக்கு ஏட்டோடு நின்றுவிடவில்லை. அதே 1964இல் அலபாமாவின் பர்மிங்காம் நகரில் ஸ்கிப்பரும் அவர்தம் குழுவினரும் இரத்தப் புற்றுடைய சுண்டெலிகளை ஆராய்ந்து, ஒரு குறிப்பிட்ட அளவு மருந்து ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையை அன்று, ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டையே அழிக்கிறது என்றனர். 100 கோடி உயிரணுக்களில் 99.9 விழுக்காடு அழிந்தாலும் 10 லட்சம் எஞ்சும். கட்டி கண்ணிலிருந்து மறைந்ததும் சிகிச்சையை நிறுத்துவது எத்துணை ஆபத்தானது என்பதை இந்த எளிய கழித்தலே உணர்த்தியது.

1977இல் நார்ட்டன், சைமன் ஆகிய இருவரும் இவ்விரு கருத்துகளையும் இணைத்தனர். எஞ்சிய சிறு கூட்டமே விரைந்து வளர்வதாயின், மருந்துச் சுற்றுகளுக்கிடையே நீண்ட இடைவெளி விடுவது அதற்கு வாய்ப்பளிப்பதாகும். 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதனைச் சோதித்தது. நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய மார்பகப் புற்றுடைய ஏறத்தாழ 2,000 பெண்கள் அதில் பங்கேற்றனர். மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மருந்து பெற்றவர்களில் நான்காண்டு நோயின்றி வாழ்ந்தோர் 75 விழுக்காடு. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை பெற்றவர்களில் 82 விழுக்காடு. இடைவெளியைக் குறைத்ததே பல குடும்பங்களில் தாய்மாரைக் காத்தது.

பரவுதலையும் கணிதம் விட்டுவைக்கவில்லை. 1889இல் ஸ்டீஃபன் பேஜட், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்து, விதை எங்கும் சிதறினாலும் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். 1937இல் ஃபிஷர், ஒரு நற்பண்பு உயிரினக் கூட்டத்தில் அலைபோல் பரவுவதைக் காட்டும் சமன்பாட்டைத் தந்தார். பின்னாளில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் முர்ரேயும் ஸ்வான்ஸனும் பிறரும் அவ்வகைச் சமன்பாட்டை மூளைக் கட்டிக்குப் பொருத்தினர். பெருகும் வேகம், ஊர்ந்து பரவும் வேகம் என்னும் இரண்டே எண்கள். ஸ்கேன் படத்தில் தெரியும் விளிம்புக்கு அப்பாலும் நோய் பரவியிருக்கும் என்பதையும், அறுவைக்குப் பின் அது ஏன் மீள்கிறது என்பதையும் அவை விளக்கின.

எனினும் மாதிரி என்பது இறுதித் தீர்ப்பன்று. காம்பெர்ட்ஸ் வளைகோடு வளர்ச்சியைச் சித்திரிக்கிறதேயன்றி அதன் காரணத்தைத் தானே கூறுவதில்லை. சுண்டெலியில் மெய்யானது மனிதனிலும் அப்படியே மெய்யாக வேண்டும் என்பதுமில்லை. முற்றிப் பரவிய நோயில் எல்லாவற்றையும் அழிக்க முயன்றால், மருந்துக்கு அடங்காத உயிரணுக்களே போட்டியின்றிப் பெருகும். ஆகவே அடங்குபவற்றில் ஒரு பகுதியை விட்டுவைத்து அவற்றைக் கொண்டே மற்றவற்றை ஒடுக்கலாம் என்று 2009இல் கேட்டன்பியும் அவருடைய குழுவினரும் முன்மொழிந்தனர். அதுவும் கணிதத்தின் வழி பிறந்த கருத்தே. ஒரே அறிவுத்துறை ஓரிடத்தில் விரைந்து தாக்கச் சொல்கிறது. வேறோரிடத்தில் பொறுத்து ஆளச் சொல்கிறது. எது எவருக்கு என்பதை நோயாளியின் அருகிலிருக்கும் மருத்துவரே தேர வேண்டும்.

இப்னு கல்லிகானின் பெருமை, தம் ஐயத்தை மறைக்காததில் மட்டுமில்லை; கணக்கை எழுதிக் காட்டியபோது அதனை ஏற்றுக்கொண்டதிலும் இருக்கிறது. நம் இல்லங்களில் ஒரு சிறு கட்டியைக் கண்டு, 'வலி இல்லையே, பொறுத்துப் பார்ப்போம்' என்று ஒத்திப்போடும் தாய்மாரும் தந்தையரும் உண்டு. அது தீங்கற்றதாகவும் இருக்கலாம். பரிசோதனையே அதனைச் சொல்லும். ஒருவேளை அது புற்றாயின், சிறியதாகத் தோன்றும் அதுவே முப்பதாம் கட்டத்தில் நிற்கலாம் என்பதை அவர்களுக்கு எழுதிக் காட்டும் கணக்கராக நாம் இருத்தல் வேண்டும்.