வல்லமையும் ஓர் இடைச்சொல்லும்

தமிழில் ஒருவன் கணக்கில் வல்லவன், நீச்சலில் கெட்டிக்காரன், சமையலிற் கைதேர்ந்தவன். சொல் எதுவாயினும் 'இல்' என்னும் ஏழாம் வேற்றுமை உருபு ஒன்றே போதும். ஆங்கிலத்தில் அவ்வாறன்று. நீச்சலில் வல்லவனை 'குட் அட்' என்பர். தொழிலிற் பயின்றவனை 'ஸ்கில்ட் இன்' என்பர். குழந்தைகளோடு பழகத் தெரிந்தவள் 'குட் வித்'. 'குட் டு' என்றாலோ வல்லமை மறைந்து அன்பு வந்துவிடும். 'குட் ஃபார்' என்றால் நன்மை பயப்பது எனப் பொருள்படும். 'இல்' என்பதை 'இன்' ஆக்கி, 'குட் இன் ஸ்விம்மிங்' என்றெழுதிச் சிவப்பு மை பெற்ற தமிழ் மாணாக்கர் பலர். இதற்குக் காரணம் கேட்பதிற் பயனில்லை. அமெரிக்கர் பள்ளிப் பாடங்களுக்கு 'குட் இன்' என்றே சொல்வதுண்டு. வழக்கே இங்கு விதி.

பழைய பேரகராதிகளில் இத்தொடர்கள் இல்லாமலில்லை. ஆயினும் அவை, படித்த சொல்லுக்குப் பொருள் தேடுவோருக்காக ஆக்கப்பட்டவை. எழுத முனைவோனுக்குக் கைகொடுப்பவையல்ல. வினைச்சொல்லோடு இடைச்சொல் சேருங்கால் அந்நியர் இடர்ப்படுவதைச் சாமுவேல் ஜோன்சன் 1755இலேயே தம் அகராதி முன்னுரையிற் குறித்தார். எனினும், அந்நியருக்கென்றே அகராதி செய்யும் வேலை இங்கிலாந்தில் அன்று தொடங்கவில்லை. பின்னாளில் அதற்குக் களமானவற்றுள் யப்பான் முதன்மையானது.

யப்பானியக் கல்வி அமைச்சின் மொழி ஆலோசகராக 1922இற் சென்ற ஹரல்ட் பாமர், அடுத்த ஆண்டு தோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய ஆராய்ச்சிக் கழகத்தை நிறுவினார். எச்சொல் எச்சொல்லோடு சேரும் என்னும் சொற்சேர்க்கை ஆய்வு 1933இல் அங்கே அறிக்கையாக வெளிவந்தது. 1924இல் இலக்கியம் கற்பிக்க யப்பான் சென்ற ஏ. எஸ். ஹோர்ன்பி, மாணவருக்கு முதலில் வேண்டியது மொழியே எனக் கண்டு இவ்வாராய்ச்சியிற் சேர்ந்தார். பாமர் 1936இல் நாடு திரும்பியபின் பணி அவர் கைக்கு வந்தது. கேற்றன்பி, வேக்பீல்ட் என்னும் இருவரும் துணைநின்றனர்.

அகராதி முற்றுப்பெறுங் காலத்திற் போர் மூண்டது. 1941 டிசம்பரில் பிரித்தானியாவும் யப்பானும் பகை நாடுகளாயின. 1942 ஏப்ரல் 5ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. அதே ஆண்டிலேதான் தோக்கியோவின் கைத்தாகுஷா பதிப்பகம், பகைவர் மொழிக்குரிய இவ்வகராதியை வெளியிட்டது. நூலாசிரியரான ஹோர்ன்பியும் அவ்வாண்டே யப்பானை விட்டு நீங்கினார். போர்க்காலத்தில் இப்படியொரு நூலை அச்சேற்றிய துணிவு வியக்கத்தக்கதே.

போர் ஓய்ந்தபின், 1948இல், அந்நூலை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் மறுபதிப்பாக வெளியிட்டது. 1952 முதல் உயர்நிலை மாணவர் அகராதி என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. 1954இல் ஹோர்ன்பி வாக்கிய அமைப்புகளுக்கெனத் தனி நூலொன்றும் எழுதினார். 'அட்' வருமா, 'இன்' வருமா என்னும் ஐயம் பிறவியிலேயே ஆங்கிலம் பேசுவோருக்கு எழுவது அரிது. அதனை இவர்களிடம் எழுப்பியவர்கள் யப்பானிய வகுப்பறைகளில் இருந்த மாணவரே.