யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு எத்தனை மணி நேரம்?

யாழ்ப்பாணத்திற்கும் கொழும்புக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். தரைவழியே சென்றால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இந்த எண்கள் நூறாண்டுகளாகப் பெரிதும் மாறவில்லை. ஆனால் பயண நேரமோ ஒரே தலைமுறைக்குள் பலமுறை மாறிவிட்டது. அந்த மாற்றத்தின் கதையை இங்கே சுருக்கமாக நோக்குவோம்.

குடாநாட்டை வன்னிப் பெருநிலத்துடன் இணைக்கும் ஒடுங்கிய வாயில் ஆனையிறவு. வன்னியில் பிடிக்கப்பட்ட யானைகள் இவ்வழியே கொண்டுவரப்பட்டமையால் அப்பெயர் நிலைத்தது என்பர். 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவுற்றபோது, காடுகளினூடே வண்டிகளிலும் கால்நடையாகவும் பல நாட்கள் நீண்ட பயணம் ஒரு நாளுக்குள் அடங்கியது. 1956இல் 'யாழ்தேவி' ஓடத் தொடங்கியது. காலையில் கோட்டைப் புகையிரத நிலையத்தில் ஏறியவர் பிற்பகலில் யாழ்ப்பாணத்தில் இறங்கினார்.

வான்வழியும் இதற்குப் பிந்தியதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைந்த பலாலி விமானத்தளம், 1947 டிசம்பர் 10 அன்று எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பறப்பைக் கண்டது. இரத்மலானையில் எழுந்த டக்கோட்டா விமானம் இங்கு தரித்தே சென்னைக்குச் சென்றது. ஆக, கொழும்பு மட்டுமன்றிச் சென்னையும் யாழ்ப்பாணத்தாருக்குச் சில மணி நேரத் தொலைவாயிற்று.

பின்னர் வந்த போர் இக்கணக்கைத் தலைகீழாக்கியது. 1990இல் யாழ்தேவி நின்றது. ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் மூடப்பட்டன. மக்கள் முதலில் கொம்படி, ஊரியான் வழியே நீரிலும் சேற்றிலும் நடந்தனர். அதன்பின் கிளாலியில் இரவுவேளைகளில் படகேறிக் கடனீரேரியைக் கடந்தனர். அக்கடப்பிலே உயிரிழந்தோர் பலர். அக்கரை சேர்ந்தவர்க்கும் வன்னிப் பாதையும் வவுனியாச் சோதனைச் சாவடியும் மீதமிருந்தன. ஒரு பகற்பொழுதுக்குரிய பயணம் மீண்டும் பல நாட்களாயிற்று.

வானமும் பாதுகாப்பளிக்கவில்லை. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட அன்ரனோவ் விமானம் 55 பேருடன் மன்னார்க் கடலில் வீழ்ந்தது. ஒரு மணி நேரப் பயணம் அவர்களுக்கு முடிவுறவேயில்லை.

2002இல் போர்நிறுத்தத்தை அடுத்து ஏ-9 நெடுஞ்சாலை திறந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடியது. அதன்பின் குடாநாட்டார்க்கு எஞ்சியவை விமானமும் திருகோணமலைக் கப்பலுமே. பயணச்சீட்டுக்கு முன் பயண அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பு எந்த நேர அட்டவணையிலும் எழுதப்படவில்லை.

போர் 2009இல் முடிந்தபின் ஏ-9 திறந்தது. 2011இல் சங்குப்பிட்டியில் பாலம் அமைந்தது. 2014இல் யாழ்தேவி யாழ்ப்பாணம் திரும்பியது. 2019இல் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகிச் சென்னையுடன் மீண்டும் இணைந்தது. இன்று பேருந்தில் கொழும்புக்கு ஓர் இரவு போதும்.

எனவே இவ்விரு நகரங்களின் தூரத்தைக் கிலோமீற்றரால் மட்டும் கூறினால் நாம் பாதியையே கூறியவராவோம். தாயின் ஈமச்சடங்குக்கு வந்து சேர முடியாத மகனுக்கும், மருத்துவத்துக்காகக் கொழும்பு செல்ல முடியாத நோயாளிக்கும் அத்தூரம் 400 கிலோமீற்றராக இருந்ததில்லை. இன்று இரவுப் பேருந்தில் கண்ணயர்ந்தபடி ஆனையிறவைக் கடக்கும் நம்மில் இளையோர், அங்கே ஒரு கணம் விழித்துப் பார்த்தல் நன்று.