மருந்துகளால் ஏற்படும் தாடை எலும்பு நசிவு: சிகிச்சையும் தடுப்பும்

எலும்புப்புரை நோய்க்கும், எலும்பில் பரவிய புற்றுநோய்க்கும் வழங்கப்படும் சில மருந்துகளால், அரிதாகத் தாடை எலும்பின் ஒரு பகுதி உயிரிழக்கிறது. இதுவே தாடை எலும்பு நசிவு எனப்படும். 2003ஆம் ஆண்டு முதல் மருத்துவ உலகில் இது கவனம் பெற்று வருகிறது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் எளிய சிகிச்சையாலேயே பலருக்குக் கட்டுப்படுத்த இயலும்.

ஏன் ஏற்படுகிறது?

பழைய எலும்பு கரைவதும் புதிய எலும்பு உருவாவதும் வாழ்நாள் முழுவதும் நிகழ்பவை. கரைக்கும் செல்களின் வேலையை இம்மருந்துகள் குறைக்கின்றன. அதனால் எலும்பு முறிவுகள் குறைகின்றன. ஆனால் தாடை எலும்பு விரைவாகப் புதுப்பிக்கப்பட வேண்டிய ஒன்று. மெல்லிய ஈறு மட்டுமே அதை வாயிலுள்ள கிருமிகளிடமிருந்து பிரிக்கிறது. எனவே பல் பிடுங்கிய பின்னரோ, ஈறில் தொற்று ஏற்பட்டாலோ, பொய்ப்பல் அழுத்திப் புண்ணானாலோ அந்த இடம் ஆறாமல் போகலாம். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையிலேயே இது மிகுதி.

தொடர்புடைய மருந்துகள்

• அலெண்ட்ரோனேட், ரைசெட்ரோனேட், இபாண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம்
• டெனோசுமாப் ஊசி
• புற்றுநோய்க்கான பெவாசிசுமாப், சுனிடினிப் போன்றவை

புற்றுநோயாளர்களுக்கு இம்மருந்துகள் அதிக அளவில், அடிக்கடி செலுத்தப்படுவதால் நூறு பேரில் சிலருக்கு இப்பாதிப்பு ஏற்படலாம். எலும்புப்புரைக்கு அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரை உட்கொள்வோரில் பத்தாயிரம் பேரில் சிலருக்கே ஏற்படுகிறது. முறிவைத் தடுப்பதால் கிடைக்கும் நன்மை இதைவிடப் பன்மடங்கு பெரிது.

அறிகுறிகள்

• பல் பிடுங்கிய குழி பல வாரங்களாக ஆறாதிருத்தல்
• ஈறு விலகி, எலும்பு வெளியே தெரிதல்
• தாடை வலி, வீக்கம், சீழ் வடிதல், துர்நாற்றம்
• காரணமின்றிப் பல் ஆடுதல்
• கீழ் உதடு அல்லது தாடையில் உணர்வு குறைதல்

வெளித்தெரியும் எலும்பு எட்டு வாரங்களுக்கு மேல் மூடாதிருந்து, தாடைக்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெறாதவராகவும், தாடையில் புற்றுநோய் பரவாதவராகவும் இருந்தால் இந்நோய் உறுதி செய்யப்படும். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் ஆகியவை பாதிப்பின் பரப்பைக் காட்டும். எனினும், எட்டு வாரம் காத்திருந்து மருத்துவரை அணுக வேண்டும் என்பது இதன் பொருளன்று.

சிகிச்சை

வலியையும் தொற்றையும் நீக்குவதும், பாதிப்பு பரவாமல் காப்பதுமே சிகிச்சையின் நோக்கம்.

எலும்பு தெரிந்தும் வலியோ சீழோ இல்லாத நிலையில், குளோரெக்சிடின் கலந்த கொப்பளிப்பு மருந்து, மென்மையான பல் துலக்குதல், குறித்த கால இடைவெளியில் பரிசோதனை ஆகியவை பரிந்துரைக்கப்படும். வலியும் தொற்றும் இருந்தால் இவற்றுடன் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளும் வலிநிவாரணிகளும் வழங்கப்படும். பிரிந்து தளர்ந்த எலும்புத் துண்டை மருத்துவர் அகற்றுவார்.

தாடை முறிதல், தோலின் வழியே சீழ் வெளியேறுதல், பாதிப்பு மேல்தாடையின் காற்றறை வரை பரவுதல் ஆகியன முற்றிய நிலைகள். அப்போது இறந்த எலும்பை அறுவை சிகிச்சையால் நீக்கி, தேவைப்பட்டால் உலோகத் தகடு பொருத்தித் தாடையைச் சீரமைப்பர். மருந்துகளால் குணமாகாதவர்களுக்கு முந்தைய நிலைகளிலும் அறுவை சிகிச்சை பயன்படலாம். எலும்புப்புரை நோயாளர் சிலருக்கு டெரிபாராடைடு ஊசி உதவக்கூடும். எலும்பில் புற்றுநோய் பரவியவர்களுக்கு அது தரப்படுவதில்லை.

மருந்தை நிறுத்தலாமா?

தாமாக நிறுத்தக் கூடாது. அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் போன்றவை எலும்பில் பல ஆண்டுகள் தங்குவதால், நிறுத்தியவுடன் பயன் கிடைப்பதில்லை. மாறாக, எலும்புப்புரைக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை போடப்படும் டெனோசுமாப் ஊசியைத் தவறவிட்டால் முதுகெலும்பு முறிவுகள் ஏற்படலாம். பல் பிடுங்குவது தவிர்க்க முடியாததாயின், கடைசி ஊசிக்கு மூன்று அல்லது நான்கு மாதங்களுக்குப் பின் அதைத் திட்டமிடலாம். ஊசி வழங்கும் மருத்துவரும் பல் மருத்துவரும் கலந்தே இதனை முடிவு செய்ய வேண்டும்.

தடுப்பு முறைகள்

• மருந்து தொடங்கும் முன்பே பல் பரிசோதனை செய்து, பிடுங்க வேண்டிய பற்களைப் பிடுங்கி, காயம் ஆற விடவும்.
• மருந்து பெறும் காலத்தில், இயன்றவரை பல்லைப் பிடுங்காமல் வேர் சிகிச்சையால் காப்பாற்றவும்.
• நாள்தோறும் இருமுறை பல் துலக்கவும், புகையிலையை விடவும்.
• அழுத்தும் பொய்ப்பல்லை உடனே சரிசெய்யவும்.
• ஒவ்வொரு முறையும் பல் மருத்துவரிடம் மருந்து விவரத்தைக் கூறவும். ஆண்டுக்கு ஒருமுறை போடப்படும் ஊசியும், பல ஆண்டுகளுக்கு முன் நிறுத்திய மாத்திரையும் எளிதில் மறந்து போகும். அவற்றின் சீட்டுகளைப் பாதுகாத்து எடுத்துச் செல்லவும்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

முகம் அல்லது கழுத்து வேகமாக வீங்குதல், காய்ச்சல், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஆகியவை தோன்றினால் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவை நாடவும்.