அப்பாவின் மூச்சும் அட்டையின் உயிரும்

பாக் நீரிணைக் கரையில் எங்கள் ஊர். அப்பா மூச்சடக்கி மூழ்கி வெள்ளட்டை என்னும் கடலட்டையை எடுத்தவர். அம்மா அதைக் குடல் நீக்கி அவித்து, மணலில் புதைத்து, தோல் தேய்த்துக் கழுவி, மறுபடி அவித்துக் காயவைப்பாள். ஊரில் யாரும் அதைத் தின்பதில்லை. சீனச் சமையலுக்காகக் கப்பலேறிப் போகும்.

அட்டை குறைவதை அரசு முன்பே கண்டது. 75 மில்லிமீட்டரைவிடச் சிறிய அட்டையின் ஏற்றுமதி 1982இல் தடைசெய்யப்பட்டது. 2001இல் எல்லாக் கடலட்டைகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலிக்குள்ள காவல் அட்டைக்கும் வந்தது; அப்பாவின் தொழில் குற்றமானது.

அக்கரையில் இலங்கையிலோ, உரிமம் இருந்தால் பிடிக்கலாம். அதனால் இங்கிருந்து அங்கே கடத்தல் முளைத்தது. எல்லை காக்கும் கடலோரக் காவல்படை அட்டை மூட்டைகளையும் தேட வேண்டியதாயிற்று.

தடையே தவறு என்று சொல்லமாட்டேன். கடலடி மண்ணைத் தின்று சுத்தம் செய்யும் உயிர் அது, அழியக்கூடாது. ஆனால் குஞ்சு எங்கே தங்கும், பெரியது எங்கே கிடக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். சட்டம் எழுதிய இடத்தில் அவரைப் போன்றவர்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்க வேண்டும்.