குற்றச்சாட்டும் மறுப்பும்: சென்னை மார்மன் துண்டறிக்கைகளும் ஆறுமுக நாவலரின் ‘சைவ தூஷண பரிகாரமும்’

முன்னுரை

பிறர் கோட்பாட்டை எடுத்துரைத்து, அதனை மறுத்துத் தம் கோட்பாட்டை நிலைநாட்டும் முறை தமிழுக்குப் புதியதன்று. மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியாரின் பரபக்கம் ஆகியன அம்மரபின் சான்றுகள். 19ஆம் நூற்றாண்டில் அச்சு இயந்திரம் பரவியபோது இம்மரபு சிறு நூல், துண்டறிக்கை, இதழ் எனும் புதிய வடிவங்களை மேற்கொண்டது.

கோலசிலாங்கூர் முதல் செகிஞ்சான் வரையுள்ள வட்டாரத்தில் பணியாற்றும் தமிழாசிரியர்கள் ஒரு வினாவை அறிவர். தோட்டப்புறப் பின்னணி கொண்ட மாணவன், “நம் சாமியைப் பிறர் குறை சொன்னால் என்ன பதில் சொல்வது?” என்று கேட்கிறான். இவ்வினாவுக்கு வரலாற்றில் விடை தேடுவோர்க்கு 1853, 1854ஆம் ஆண்டுகள் பயன்படும். அவ்வாண்டுகளில் சென்னையில் மார்மன் சமயத்தாரும், யாழ்ப்பாணத்தில் சைவரும் ஏறத்தாழ ஒரே வகையான எதிரணிக்கு விடை எழுதினர். அவ்விரு மறுப்புகளையும் ஒப்பிட்டு, ஒரு சமயத்தைக் காப்பது எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சென்னையில் மார்மன் மறுப்பு

பொதுவழக்கில் மார்மன் சமயம் எனப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் சபையை 1830இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் நிறுவினார். மார்மன் புத்தகம் என்னும் நூலையும் விவிலியத்தோடு ஒத்த மறைநூலாக அச்சபை ஏற்றது. இதனால் ஏனைய கிறித்தவர்களின் எதிர்ப்புக்கு அது தொடக்கத்திலேயே ஆளாயிற்று. 1844இல் ஸ்மித் கும்பல் ஒன்றால் சிறையில் கொல்லப்பட்டார். பிரிகாம் யங்கின் தலைமையில் சபையார் 1847இல் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கில் குடியேறினர்.

1852ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அங்கு நடைபெற்ற மாநாட்டில் இரு செய்திகள் வெளியாயின. ஒன்று, உலகின் பல நாடுகளுக்கும் சமயப் பரப்புநர்களை அனுப்புதல். இந்தியாவும் அவற்றுள் அடங்கும். மற்றொன்று, ஆடவர் ஒருவர் பல மனைவியரை மணக்கும் வழக்கம் சபையில் உண்டு என்னும் வெளிப்படையான அறிவிப்பு. இவ்விரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தமையால், பரப்புநர்கள் சென்ற இடமெல்லாம் பலதார மணம் பற்றிய கண்டனமும் உடன் சென்றது.

ஸ்காட்லாந்தில் பிறந்த ரிச்சர்ட் பாலன்டைன் 1853 ஜூலையில் சென்னை வந்தடைந்தார். அவர் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கில் 1849இல் முதல் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியைத் தொடங்கிய ஆசிரியர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. மார்மன் சமயத்தைக் கண்டித்து ரிச்சர்ட்ஸ் என்னும் பாதிரியார் எழுதிய துண்டறிக்கைக்கு அவ்வாண்டிலேயே பாலன்டைன் மறுப்பு வெளியிட்டார். 1854இல் பலதார மணம் குறித்து இருவர் உரையாடும் வடிவில் ஒரு சிறு நூலையும், ஒரு மாத இதழையும் சென்னையிலேயே அச்சிட்டார்.

பலதார மணத்தைத் தற்காக்க மார்மன் சமயத்தார் எடுத்தாண்ட முதன்மை வாதம் எதிரணியின் மறைநூலிலிருந்தே பெறப்பட்டது. ஆபிரகாமும் யாக்கோபும் பல மனைவியரைக் கொண்டிருந்தனர். அவர்களை இறைவனின் அன்பர்களாக ஏற்கும் கிறித்தவர் எங்களை மட்டும் பழிப்பது எவ்வாறு பொருந்தும் என்பதே அவ்வாதம். அளவையியல் நோக்கில் இது வலுவுடையதே. எனினும் எதிரணியின் கண்டனத்தையும் முற்றிலும் காழ்ப்பென ஒதுக்குவதற்கில்லை. பெண்களின் நிலை பற்றிய வினா அதில் உண்மையாகவே அடங்கியிருந்தது. 1890இல் சபைத் தலைவர் வில்போர்ட் உட்ரப் வெளியிட்ட அறிக்கை பலதார மணத்தைக் கைவிடுமாறு அறிவுறுத்தியது. நாட்டின் சட்டம் தந்த நெருக்கடி அதற்கு உடனடிக் காரணமாயிற்று.

பாலன்டைன் 1854இல் சென்னையை விட்டு நீங்கினார். எஞ்சிய பரப்புநர்கள் 1856க்குள் இந்தியாவை விட்டு அகன்றனர். சென்னையில் அவர்களது எழுத்தும் பேச்சும் ஆங்கிலத்தில் அமைந்தன. கேட்டோருள் பெரும்பாலோர் ஐரோப்பியர். மண்ணின் மக்களோடு அவர்களது வாதம் பேசவில்லை எனலாம்.

யாழ்ப்பாணத்தில் சைவ மறுப்பு

இதே காலத்தில் புராட்டஸ்டண்டு பாதிரிமாரின் அச்சுக்கூடங்கள் சைவத்தையும் கண்டித்து நூல்களை வெளியிட்டு வந்தன. சென்னையில் இக்கண்டனங்களை எதிர்கொள்ள இந்துக்களின் குரலாகக் காசுலு லட்சுமிநரசு செட்டியாரின் ‘கிரசென்ட்’ இதழ் 1844இல் தோன்றியது. யாழ்ப்பாணத்தில் அப்பணியை மேற்கொண்டவர் ஆறுமுக நாவலர் (1822–1879).

நாவலர் வெஸ்லியன் சபைப் பாதிரியாரான பீட்டர் பெர்சிவலிடம் பணியாற்றி, விவிலியத்தைத் தமிழில் பெயர்க்கும் முயற்சியில் அவருக்குத் துணைநின்றவர். அதனால் எதிரணியின் மறைநூலை வரிவரியாக அறிந்திருந்தார். 1854இல் வெளிவந்த ‘சைவ தூஷண பரிகாரம்’ இவ்வறிவின் பயனாகும். கோயில், தூபம், தீபம், படையல் முதலியவற்றை மூடநம்பிக்கை என இகழ்ந்தோர்க்கு, அவற்றை ஒத்த வழிபாட்டு முறைகள் பழைய ஏற்பாட்டிலும் விதிக்கப்பட்டிருத்தலை அவர் எடுத்துக்காட்டினார்.

ஒப்பீடு

பாலன்டைனும் நாவலரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர் எனக் கருத இடமில்லை. ஆயினும் மார்மன் வாதமும் நாவலரின் வாதமும் ஒன்றே: ‘நீங்கள் பழிப்பது உங்கள் நூலிலேயே உள்ளது.’ இவ்வாதம் எதிரியின் வாயை அடைக்க வல்லது. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. தன் வழக்கம் பிறர் நூலிலும் காணப்படுகிறது என்று மெய்ப்பிப்பதனால் அவ்வழக்கம் நன்று என்பது மெய்ப்பிக்கப்படுவதில்லை. எதிரியின் அளவுகோலை ஏற்றுக்கொண்டுதான் இவ்வெற்றி பெறப்படுகிறது. மார்மன் சமயத்தின் பிற்கால வரலாறு இதற்குச் சான்று. வாதத்தில் தற்காக்கப்பட்ட வழக்கம் நான்கு பதின்மங்களுக்குள் கைவிடப்பட்டது. சபையோ தொடர்ந்து வளர்ந்தது.

எனின், நாவலரின் பணி நிலைத்தது எதனால்? மறுப்பு நூல் எழுதுவதற்கு முன்னரே, 1848இல் அவர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டே சென்னை சென்று அச்சுப்பொறி கொணர்ந்தார். பாலபாடங்களையும் சைவ வினாவிடைகளையும் எளிய உரைநடையில் எழுதினார். பெரிய புராணத்தை உரைநடையாக்கினார். மறுப்பு நூல் பிறரை நோக்கியது. பாடநூல் தம் மக்களை நோக்கியது. சைவத்தைக் காத்ததில் பாடநூலின் பங்கே பெரிது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

மார்மன் சபையும் பின்னாளில் இவ்வழிக்கே வந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த கணக்கர் ஒருவர் 1965இல் அச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். மார்மன் புத்தகத்தின் தேர்ந்தெடுத்த பகுதிகள் 1982இல் தமிழில் வெளிவந்தன. பாலன்டைனின் ஆங்கில மறுப்புகள் செய்யாததைத் தமிழில் அமைந்த நூல் செய்யத் தொடங்கியது.

தோட்டப்புறச் சூழல்

நாவலரின் வரலாற்றில் மற்றொரு கூறும் உண்டு. புறத்தாரின் கண்டனத்திலிருந்து சைவத்தைக் காத்த அவரே, உயிர்ப்பலியையும் சிறுதெய்வ வழிபாட்டையும் கடுமையாகக் கண்டித்தார். ஆகம நெறிக்கு உட்பட்டதை மட்டுமே அவர் காக்கத்தக்கதாகக் கருதினார்.

வட சிலாங்கூர்த் தோட்டங்களில் நம் முன்னோர் எழுப்பிய கோயில்களுள் பல மாரியம்மன், முனீஸ்வரர், மதுரை வீரன் ஆகிய தெய்வங்களுக்கு உரியவை. அவை பிற சமயத்தாரின் கண்டனத்துக்கு மட்டுமன்றி, ஆகம நெறியாளரின் கண்டனத்துக்கும், 1929இன் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தபின் வலுப்பெற்ற பகுத்தறிவு இயக்கத்தின் கண்டனத்துக்கும் உள்ளாயின. இவற்றுள் சில கண்டனங்கள் நன்மையும் பயந்தன. ஆயினும் பால்மரம் வெட்டியவர்களின் துயரையும் கூட்டு வாழ்வையும் தாங்கிய வழிபாடு அது. அதனை விளக்கும் பாடநூல்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தல் தகும். 1965இல் தோன்றிய மலேசிய இந்து சங்கம் நடத்திவரும் திருமுறை ஓதும் போட்டிகள் நாவலர் காட்டிய வழியின் தொடர்ச்சியாகும். தோட்டக் கோயில் வழிபாட்டுக்கும் அத்தகைய கற்பித்தல் தேவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் இடம்பெயர்ந்த பின், இத்தேவை மேலும் பெருகியுள்ளது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, எதிரியின் நூலைக் கொண்டு எதிரியை மறுத்தல் பயனுள்ள உத்தியே. ஆனால் அது ஒரு சமயத்தை நிலைநிறுத்தப் போதாது. இரண்டு, கண்டனத்தில் உண்மை இருக்குமாயின் அதனை ஏற்றுத் திருத்திக்கொள்ளும் சமயம் அழிவதில்லை. மூன்று, மக்களின் மொழியில் மக்களுக்குக் கற்பிப்பதே நிலைத்த பாதுகாப்பு.

ஆதலின், “என்ன பதில் சொல்வது?” என்று கேட்கும் மாணவனுக்கு எதிர்வாதம் ஒன்றை மட்டும் கற்றுக்கொடுத்தால் அன்றைய சண்டையில் அவன் வெல்லக்கூடும். தன் பாட்டனார் எந்தத் தெய்வத்தை எதற்காக வணங்கினார் என்பதையும், அவ்வழிபாட்டில் காக்க வேண்டியது எது, கைவிட வேண்டியது எது என்பதையும் கற்பித்தால், பிறர் குறை கூறும்போது அவன் சினமோ நாணமோ கொள்ளாது விடையளிப்பான். அக்கற்பித்தல் தமிழாசிரியரின் கடமைகளுள் ஒன்றாகும்.