திருச்சிக்கு மேற்கே உள்ள படிகச் சுண்ணாம்புக்கல்லும் கார்பன் ஐசோடோப்பு ஆய்வின் வளர்ச்சியும்

திருச்சி வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் இரண்டு வகை. கிழக்கே டால்மியாபுரம், அரியலூர்ப் பக்கம் கிடைப்பது கிரிட்டேசியஸ் காலக் கடல் படிவு. அம்மோனைட்டும் சிப்பியும் நிறைந்தது. மேற்கே கரூர், திண்டுக்கல் எல்லையில் கரிக்காலி போன்ற இடங்களில் நைஸ் பாறைகளுக்கிடையே பட்டைபட்டையாக இருப்பது கேம்பிரியனுக்கு முந்தைய படிகச் சுண்ணாம்புக்கல். இதில் புதைபடிவம் எதுவும் தேறாது. இரண்டும் சிமெண்ட் சூளைக்குத்தான் போகின்றன.

இந்திய நிலவியல் ஆய்வுத்துறை நினைவேட்டின் 4ஆம் தொகுதியிலேயே இவ்விரு பாறைகளின் ஆய்வுப் பாதையும் பிரிந்துவிட்டது. எச். எஃப். பிளான்போர்டு 1862இல் கிரிட்டேசியஸ் அடுக்குகளைப் புதைபடிவங்களைக் கொண்டு வரிசைப்படுத்தினார். வில்லியம் கிங்கும், பல்லாவரத்துக் கற்கருவியால் பெயர் பெற்ற இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் 1864இல் திருச்சி, சேலம், தென்னார்க்காட்டுப் படிகப் பாறைகளை விவரித்தனர். புதைபடிவம் இல்லாத பாறையின் காலத்தைச் சொல்ல அன்று வழியில்லை.

வழி வேதியியலிலிருந்து வந்தது. ஹெரால்டு யூரியின் 1947ஆம் ஆண்டுக் கோட்பாடும், அவருடைய குழுவினர் அமைத்த நிறைமாலைமானியும் ஐசோடோப்பு விகிதத்தின் நுண்ணிய வேறுபாடுகளை அளக்க வழி செய்தன. கல்லைப் பொடித்துப் பாஸ்பாரிக் அமிலத்தில் இட்டால் வரும் கார்பன் டைஆக்சைடுதான் அளவைக்குரிய பொருள். உயிரினங்கள் இலேசான கார்பன்-12ஐ விரும்பி எடுப்பதால், உயிர்க்கரி மிகுதியாகப் புதையும் காலத்தில் கடல்நீரிலும் அதில் படியும் சுண்ணாம்பிலும் கார்பன்-13 கூடும். அப்படிக் கரி புதைவது காற்றில் ஆக்சிஜன் மிஞ்சுவதற்கும் வழி.

ஷிட்லோவ்ஸ்கி, ஐக்மன், யுங்கே மூவரும் 1975இல் பழம்பாறைகளைத் தொகுத்து அளந்தபோது பெரும்பாலானவற்றின் கார்பன்-13 மதிப்பு (பொதுத் தரக்கல்லின் விகிதத்திலிருந்து ஆயிரத்துக்கு எத்தனை பங்கு விலகல் என்பது) பூச்சியத்தை ஒட்டியே நின்றது. மறு ஆண்டு இன்றைய ஜிம்பாப்வேயின் லோமகுண்டி பாறைகள் ஆயிரத்துக்குச் சராசரி +9 காட்டின. இது உள்ளூர் விபத்தா, உலகக் கடலின் நிலையா என்ற வழக்கு இருபது ஆண்டு நீடித்தது. கார்ஹுவும் ஹாலந்தும் 1996இல் 222 கோடி முதல் 206 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த உலகளாவிய உயர்வு என்றனர். இந்தியாவில் ஸ்ரீனிவாஸ் குழுவினர் 2001இல் ஆரவல்லிப் பாறைகளில் அதே உயர்வைக் காட்டினர்.

நம் படிகச் சுண்ணாம்புக்கல்லுக்கு நேரடியாகப் பயன்படுவது வேறொன்று: பேக்கர், ஃபாலிக் இருவரும் 1989இல் ஸ்காட்லாந்தின் லூவிசியன் சலவைக்கல்லில் அந்தக் கனத்த கார்பனைக் கண்டது. உருமாறிய கல்லும் பழைய கடலை நினைவில் வைத்திருக்கக்கூடும் என்பதற்கு அது சான்று. ஆனால் எல்லாக் கல்லும் வைத்திருப்பதில்லை. தென்தமிழகப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் 800 டிகிரியும் அதற்கு மேலும் வெந்தவை. கால்சைட்டும் குவார்ட்சும் சேர்ந்து வோலஸ்டோனைட் ஆகும்போது வெளியேறும் வாயு கார்பன்-13ஐ அள்ளிக்கொண்டு போகும். எஞ்சிய கல்லின் மதிப்பு இறங்கிவிடும். உயிர்க்கரி வெந்து உருவான கிராஃபைட்டும் கால்சைட்டுடன் கார்பனை மாற்றிக்கொண்டு தொல்லை செய்யும். உயிர்க்கரிக்கும் கால்சைட்டுக்கும் முதலில் ஆயிரத்துக்கு இருபதுக்கு மேல் இருந்த இடைவெளி, 800 டிகிரியில் மூன்றளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இந்தச் சுருக்கத்தையே வெப்பமானியாக்கி அம்பாசமுத்திரம் சலவைக்கல்லில் சதீஷ்குமார், சந்தோஷ், வாடா மூவரும் 1997இல் ஆராய்ந்தனர்.

எனவே கரிக்காலி வகைக் கல்லில் மாதிரி எடுப்பவர், அத்தகைய வாயு வெளியேற்றத்தின் அடையாளமான பச்சை டையாப்சைடு படிந்த ஓரத்தையும் கிராஃபைட்டின் கருஞ்செதில் மின்னும் இடத்தையும் விலக்கி, தடித்த பட்டையின் நடுவில் சர்க்கரைக் கட்டி போன்ற வெள்ளைக் கால்சைட்டைத் தேட வேண்டும். அங்கே கிடைக்கும் எண்ணைக்கூட கடலின் கார்பன்-13 காலந்தோறும் மாறியதைக் காட்டும் உலக வரைகோட்டில் பொருத்தி வயது குறிப்பது சரியல்ல என்பது என் கருத்து. அந்தக் கோடு ஒரே மதிப்பைப் பலமுறை கடக்கிறது. காலத்துக்கு வெளிச்சான்று வேண்டும். அதே வட்டாரத்துக் கடவூரில் படிவுப் பாறைகளுக்குள் ஊடுருவிய அனார்த்தோசைட் என்னும் தீப்பாறையின் வயது சுமார் 83 கோடி ஆண்டுகள் என்று 2011இல் கணித்துள்ளனர். ஆகவே அங்குள்ள படிவுகள் அதற்கும் மூத்தவை. கரிக்காலிப் பட்டைகளும் அதே வரிசையைச் சேர்ந்தவை என்று களத்தில் நிறுவினால்தான் இந்த எல்லை அவற்றுக்கும் பொருந்தும்.